லீவுக்கு ஓர் ஊர்

ஸ்ரீரங்கம்,
7-8-1958

மதிப்பிற்குரிய வீரமலை மாமா அவர்களுக்கு, வள்ளிக்கண்ணு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அண்ணன், குழந்தை மலர்க்கொடி, நான் மூவரும் சௌக்கியம். தங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட இத்தனை நாள் எனக்குக் கை வரவில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணி பிரசவத்துக்குத் தங்கள் வீட்டுக்கு வந்து, தாயும் சிசுவுமாகப் போய்ச் சேர்ந்து மூன்று ஆடி கழிந்துவிட்டது. அதற்குப் பிறகு அண்ணன் அந்தப் பக்கம் பஸ் ஏறவில்லை. வீட்டில் தங்கள் பேரையும் எடுப்பதில்லை. கணவரை இழந்த எனக்கு அண்ணன் வீடுதான் நிழல் என்பதால் நானும் எடுக்கவில்லை. இப்போது எழுதுவது பள்ளிக்கூடத்து விஷயமாக.

நான் ஒன்றாம் வகுப்பு டீச்சர். மலர்க்கொடி இந்த வருஷம் என் வகுப்பில்தான். வீட்டில் அத்தை, வகுப்பில் டீச்சர் என்று சொல்லிக் கொடுத்தும் ‘அத்தை டீச்சர்’ என்று கூப்பிட்டுவிட்டாள். இப்போது வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் நான் அத்தை டீச்சர். லீவு விடும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. லீவுக்கு என்ன, எங்கே என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சொல் சொல்ல வேண்டும். பழைய காலண்டர் அட்டையைத் துண்டு போட்டு அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் படமும் வரைந்து கொடுப்பேன். மணி அடித்ததும் வகுப்பு வாசற்படியில் நின்று அட்டையைப் படித்துக் காட்டிவிட்டு லீவுக்குப் போக வேண்டும்.

ஆடிப்பெருக்குக்கு ஒருவன் ‘சப்பரம்’ என்றான். ஒருத்தி ‘மாமா ஊர்’ என்றாள். மலர்க்கொடியிடம் கேட்டேன். “எல்லாரும் ஊருக்குப் போறாங்க டீச்சர். எனக்கு ஊர் இல்ல” என்றாள். அழவில்லை. வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். எழுதாத அட்டையை வாங்கிக்கொண்டு படியில் நின்றாள். பின்னால் நின்ற பையன், “படிக்காம போகக் கூடாது, அவளை விடாதீங்க” என்று நியாயம் கேட்டான்.

அவளுக்கு ஊர் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அங்கே என்னென்ன உண்டு என்று தாங்கள் சொன்னால், அவற்றைச் சொற்களாக எழுதி அவளைப் படிக்க வைப்பேன். ‘முக்கொம்பு’ என்று தங்கள் ஊர்ப் பெயரை இப்போது எழுத முடியாது. கொம்பு போட்ட எழுத்துகள் பொங்கலை ஒட்டித்தான் ஆரம்பிப்போம். சின்னச் சொற்களாக வேண்டும். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடவும்.

தங்கள் சுகம் விசாரிக்கும்,
வள்ளிக்கண்ணு


முக்கொம்பு,
21-8-1958

வள்ளிக்கண்ணு அம்மாவுக்கு வீரமலை சொல்லி எழுதுறது. நான் நல்லா இருக்கேன். அணைக்கட்டு வேலையிலேருந்து நின்னுட்டாலும் காலையில எந்திரிச்சதும் கால் ஷட்டர் பக்கம்தான் போகுது. நீங்க, மாப்பிள்ளை, புள்ளை எல்லாரும் நல்லா இருக்கணும்.

நான் கைநாட்டு. பஸ் நிக்கிற இடத்துல தையல் மிஷின் போட்டிருக்கிற நஜிமுதீன்தான் எனக்குக் காயிதம் படிக்கிறதும் எழுதுறதும். உங்க காயிதத்தை அவர் சத்தமாப் படிக்க, சட்டைக்கு அளவு குடுக்க வந்தவங்க, பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாரும் கேட்டாங்க. ‘எனக்கு ஊர் இல்ல’ங்கிற இடம் வந்ததும் கீரைக்கார அம்மா கூடையை இறக்கி வச்சுட்டு உக்காந்துருச்சு.

மூணு வயசுல புள்ளை இங்க வந்தது எனக்கு இப்ப பாக்கிற மாதிரி இருக்கு. மஞ்சக் கவுன். இடது தோள்ல பொத்தான் அறுந்து ஊக்கு குத்தியிருந்துச்சு. ரயில் போனா ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியா டாட்டா காட்டும். கடைசிப் பெட்டிக்குக் காட்டலைன்னு அழுவும்.

இங்க மணல் இருக்கு. மதகு இருக்கு. பாலம், படகு, நாவ மரம், ரயில் எல்லாம் இருக்கு. என் மக அமிர்தம் சின்னப் புள்ளையில மணலைத் தோண்டுவா. ஊத்துத் தண்ணி வந்ததும் “அப்பா, நான் கிணறு வெட்டிட்டேன்”னு கூப்பாடு போடுவா. பொழுது சாயறப்ப அவளே அதை மூடிட்டுத்தான் வீட்டுக்கு வருவா. யாராச்சும் விழுந்துருவாங்களாம். ஒரு சாண் குழியில.

இதையெல்லாம் சொல்லா எழுதிக் குடுங்க. ஆனா அம்மா, சொல்லு மட்டும் போதுமா? காலாண்டு லீவுக்குப் புள்ளையை ரெண்டு நாள் அனுப்பி வைப்பீங்களா? நானே ஸ்ரீரங்கம் வந்து கூட்டிக்கிட்டு, நானே கொண்டாந்து விட்டுருவேன். மாப்பிள்ளைகிட்ட நீங்கதான் சொல்லணும்.

அம்மாவுக்கு ஆசீர்வாதம்.
வீரமலை

(இது நஜிமுதீன். பெரியவர் சொன்னதில் பாதியைத்தான் எழுத இடம் இருந்தது. ரயில் பெட்டி எத்தனை, என்ன நிறம் என்றுகூடச் சொன்னார். விட்டுவிட்டேன்.)


ஸ்ரீரங்கம்,
19-9-1958

அன்புள்ள மாமாவுக்கு, வள்ளிக்கண்ணு வணக்கம். இங்கே எல்லோரும் நலம். மலர்க்கொடிக்கு இரண்டு நாள் ஜலதோஷம், இப்போது குணம். தாங்கள் மழையில் நனைந்துகொண்டு அணைப் பக்கம் போக வேண்டாம்.

தாங்கள் அனுப்பிய சொற்கள் வகுப்பில் பெரிய ரகளை செய்துவிட்டன. ‘மணல்’ சுலபமாக வந்தது. ‘மதகு’ என்று எழுதியதும் ஒரு பையன் எழுந்து, “மதகு புல்லு திங்குமா டீச்சர்?” என்றான். இன்னொருவன், “முட்டுமா?” என்றான். மலர்க்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது. “அது மாடு இல்லடா. அது தண்ணி குடிச்சுக் குடிச்சுத் துப்பும். எங்க தாத்தாதான் அதுக்கு வாயைத் திறந்து விடுவாரு” என்றாள். முதல் நாள் மாலை கோயிலுக்குப் போகும் வழியில் நான் சொன்னதைத் தன் கைச்சரக்கும் சேர்த்துச் சொன்னாள். ‘எங்க தாத்தா’ என்று அவள் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

காலாண்டு லீவுக்கு அவளுடைய அட்டையில் ‘மணல்’ என்று எழுதினேன். படியில் நின்று கணீரென்று படித்தாள். அந்த அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறாள்.

இங்கே பகலில் வெயில் இன்னும் குறையவில்லை. கொள்ளிடத்தில் தண்ணீர் நிறையப் போகிறது. வேறு விசேஷம் இல்லை.

தங்கள் நலம் நாடும்,
வள்ளிக்கண்ணு


முக்கொம்பு,
20-10-1958

வள்ளிக்கண்ணு அம்மாவுக்கு வீரமலை. சுகம்தான். முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாடியே சேதி சொல்லிருது. அங்க புள்ளைக்கு ஜலதோஷம் விட்டுருச்சான்னு எழுதுங்க.

உங்க காயிதத்தை நஜிமுதீன் ரெண்டு தரம் படிச்சார். மூணாந்தரமும் படிக்கச் சொன்னேன். “பெரியவரே, இல்லாத வரியை நான் எங்கேருந்து படிக்கிறது?”ன்னு சடைச்சுக்கிட்டார். லீவுக்கு அனுப்புறதைப் பத்தி ஒரு வார்த்தையும் இல்லையே அம்மா. லீவு முடிஞ்சு பள்ளிக்கூடம் தொறந்த பின்னாடியும் திருச்சி பஸ் வர்ற நேரத்துக்கு நான் இங்க உக்காந்திருந்தேன். டிரைவர் “யாருக்குக் காத்திருக்கீங்க?”ன்னு கேட்டான். “உனக்குத்தான்”னு சொன்னேன்.

மாப்பிள்ளைகிட்ட கேட்டீங்களா, அவுங்க மாட்டேன்னுட்டாங்களா, இல்ல இன்னும் கேக்கவே இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.

தீபாவளி வருது. அமிர்தம் பொட்டு வெடிக்கே காதைப் பொத்திக்கிட்டு ஷட்டர் ரூமுக்குள்ள ஓடிருவா. ஆனா மத்தாப்பை மட்டும் கடைசிப் பொறி வரைக்கும் கையை நீட்டிப் பிடிப்பா. புள்ளை எப்படி? ‘மத்தாப்பு’ படிக்கிற அளவுக்கு எழுத்து வந்துருச்சா? இல்லன்னா ‘சரம்’னு எழுதுங்க. அது சின்னது.

எல்லாருக்கும் ஆசீர்வாதம்.
வீரமலை


ஸ்ரீரங்கம்,
28-11-1958

மாமாவுக்கு வள்ளிக்கண்ணு வணக்கத்துடன். எல்லோரும் நலம். தங்கள் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சித் தடவிக்கொள்ளவும்.

மலர்க்கொடி தீபாவளிக்கு ‘மத்தாப்பு’ என்றே படித்துவிட்டாள். ‘த்’தில் ஒரு தரம் நின்றாள், அவ்வளவுதான். வெடிக்குப் பயந்து என் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். மத்தாப்பைக் கையை நீட்டித்தான் பிடித்தாள்.

வீட்டில் வெள்ளை அடிக்கிறார்கள். சாமான்களை எடுத்து வைக்கவும் துடைக்கவுமாக வேலை சரியாக இருக்கிறது. சமையலறைக்குப் புதுப் பாத்திரங்கள் வந்திருக்கின்றன. அதனால் இவ்வளவுதான் எழுத முடிந்தது. அரையாண்டு லீவு பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வள்ளிக்கண்ணு


முக்கொம்பு,
10-12-1958

வள்ளிக்கண்ணு அம்மாவுக்கு வீரமலை சொல்றது. நான் சுகம், உங்க சுகத்துக்கு எழுதுங்க.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற வீடு கார்த்திகையிலேயே அடிக்குதுன்னா, அதோட புதுப் பாத்திரமும் வருதுன்னா, என்ன விசேஷம்னு எனக்குத் தெரியாதா அம்மா? மாப்பிள்ளைக்குக் கல்யாணம். அதைச் சொல்ல உங்களுக்குச் சங்கடம். சங்கடப்படாதீங்க. ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு நேரத்தோட ஓடுற மனுசன், பச்சைப் புள்ளையை வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்கு இப்படியே இருப்பாரு?

ஒண்ணு மட்டும் செய்யுங்க. அமிர்தம் புடவைங்க, அவ குங்குமச் சிமிழ், என்ன இருந்தாலும் வர்ற பொண்ணு கண்ணுல படாம எடுத்து வச்சிருங்க. வந்த அன்னிக்கே அதுக்கு மனசு சுருங்கக் கூடாது. மயில் கழுத்து நிறத்துல ஒரு சின்னாளப்பட்டிப் புடவை, கரையில மை சிந்தின கறை இருக்கும், அதை மட்டும் மலர்க்கொடிக்குன்னு தனியா வைங்க.

அந்தப் பொண்ணு பேரு என்ன? எந்த ஊரு? வந்தப்புறம் புள்ளைகிட்ட எப்படி இருக்குன்னும் எழுதுங்க.

அரையாண்டு லீவுக்கு நான் கேக்கல. கல்யாண வீட்டுலேருந்து புள்ளையைக் கூப்பிடறது மரியாதை இல்ல. பெரிய லீவுக்குக் கேட்டுப் பாருங்க.

ஆசீர்வாதம்.
வீரமலை


ஸ்ரீரங்கம்,
12-1-1959

அன்பான மாமாவுக்கு வள்ளிக்கண்ணு வணக்கம். இங்கே சுகம். தங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தாங்கள் நினைத்தபடியே கார்த்திகை முடிவதற்குள் அண்ணன் கல்யாணம் நடந்துவிட்டது. அவள் பெயர் செண்பகம். ஊர் மண்ணச்சநல்லூர். அப்பா அங்கே அரிசி மில்லில் மேஸ்திரி. அதிகம் பேச்சில்லாத பெண். மலர்க்கொடிக்குத் தலை பின்னும்போது வலிக்காமல் சிக்கெடுக்கிறாள். குழந்தை அவளை ‘நீங்க, வாங்க’ என்றுதான் கூப்பிடுகிறாள். செண்பகம் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை.

அண்ணனிடம் பெரிய லீவைப் பற்றி நேற்று கேட்டேன். “அந்த ஊருக்கு எதுக்கு?” என்றார். அதனால் வேறு ஒன்று செய்திருக்கிறேன். பொங்கல் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, 24-ஆம் தேதி, எங்கள் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகிறோம். எங்கே போகலாம் என்று பெரிய டீச்சர் கேட்டார். முக்கொம்பு என்றேன். அண்ணன் பள்ளிச் சுற்றுலா என்று கையெழுத்துப் போட்டார். எந்த இடம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் பூங்காவுக்கு வந்துவிடுங்கள். இது நம் இருவருக்குள் இருக்கட்டும்.

வள்ளிக்கண்ணு


முக்கொம்பு,
28-1-1959
(தபால் கார்டு)

வள்ளிக்கண்ணு அம்மாவுக்கு வீரமலை. சுகம், சுகம், ரொம்ப சுகம். தபாலாபீஸ்ல இன்லாண்ட் இல்லையாம், அதான் கார்டு. பொடியா எழுதச் சொல்லியிருக்கேன். புள்ளை என் மடியில உக்காந்து புளிச்சோறு சாப்பிட்டது இன்னும் தொடையில கனமா இருக்கு. பூங்கா வாசல் பலகையில மு-க்-கொ-ம்-புன்னு விரல் வச்சுப் படிச்சாளே, அமிர்தம் பாக்கலையே. “எங்க அம்மா தோண்டின கிணறு எது தாத்தா?”ன்னு கேட்டா. காட்டினேன். மாப்பிள்ளைக்குத் தெரியாம நீங்க கூட்டியாந்த உபகாரத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். பெரிய லீவுக்கும் இப்படி ஒரு வழி பண்ணுங்க. ஆசீர்வாதம்.


முக்கொம்பு,
15-3-1959

ஆசிரியை வள்ளிக்கண்ணு அவர்களுக்கு, தையல்காரர் நஜிமுதீன் எழுதிக்கொள்வது. அங்கே எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் புரியட்டும்.

பெரியவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கார்டுக்குப் பிறகு அவர் சொல்லி இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. தினமும் தபால்காரர் போன பிறகு கடைக்கு வந்து, “கண்ணு தெரியாம வேற யாருக்காச்சும் குடுத்துட்டானா?” என்று கேட்கிறார். மற்றபடி பேச்சில்லை. முன்பெல்லாம் நான் ஒரு பொத்தானுக்குக் காஜா போடுவதற்குள் முப்பது வருஷத்து வெள்ளக் கதையைச் சொல்லி முடிப்பவர்.

நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போடுங்கள் அம்மா.

நஜிமுதீன்


ஸ்ரீரங்கம்,
3-4-1959

மாமா அவர்களுக்கு வள்ளிக்கண்ணு வணக்கம். குழந்தை நலம். எல்லோரும் நலம்தான்.

தங்கள் கார்டு வந்த அன்று தைத்தேருக்காகப் பள்ளிக்கூடம் லீவு. எங்கள் தெருவுக்கும் அதே தபால்காரர். டீச்சருக்கு வந்தது வீணாய்க் கிடக்க வேண்டாமே என்று வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். வாங்கியது அண்ணன். கார்டுதானே, பிரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கடை வாசலில் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிச் சொல்லி எழுதுகிறவருக்குக் கார்டும் கவரும் ஒன்றுதானே. நான்தான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அண்ணன் சத்தம் போடவில்லை. கார்டை என்னிடம் நீட்டி, “நீயுமா?” என்றார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு வந்த தங்கள் கடிதங்களைப் பள்ளிக்கூடத்தில் வாங்கிப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் அந்த ‘நீயுமா’ காதில் கேட்கும்.

நேற்று அவராகவே, “ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போய்ப் பெரியவரைப் பார்க்கணும்” என்றார். எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் கடுமையாக எதுவும் பேசினால் எனக்காகப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வள்ளிக்கண்ணு


முக்கொம்பு,
20-4-1959

வள்ளிக்கண்ணு அம்மாவுக்கு வீரமலை. உடம்புக்கு ஒண்ணுமில்ல. நீங்களும் மனசை அலட்டிக்காதீங்க. இது கவர்லதான் வருது. இன்னிக்குக் கடையில வேற யாரும் இல்ல. நஜிமுதீன் கதவுல ஒரு பலகையைச் சாத்தி வச்சிருக்கார்.

மாப்பிள்ளை நேத்து வந்தாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி “மாமா”ன்னு கூப்பிட்டாங்க. இந்த நாலு வருசத்துல அந்தக் குரலை நான் மறக்கல. வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாசல் வரைக்கும் வந்து அங்கேயே நின்னுட்டாங்க. அமிர்தம் உசிரு போன அந்த ரூமைப் பாக்க முடியலன்னு நினைக்கிறேன். திரும்பி நடந்தாங்க. நானும் கூடவே நடந்தேன். மதகுப் பாலத்துல வந்து கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க.

“அன்னிக்கே ஆஸ்பத்திரியில சேத்திருந்தா”ன்னு ஆரம்பிச்சாங்க. முடிக்கல. தண்ணி சத்தம் இருந்துச்சு, அதனால பரவாயில்ல.

அப்புறம் சொன்னாங்க. “மாமா, நான் உங்களோட சண்டை போட வரல. செண்பகம் வந்ததுலேருந்து மலர்க்கொடி அவளை நீங்க, வாங்கன்னே கூப்பிட்டுக்கிட்டிருந்தா. பொங்கல் அன்னிக்கு விளையாட்டு மும்முரத்துல ‘அம்மா, தண்ணி’ன்னு கேட்டுட்டா. செண்பகம் செம்பைக் கொண்டாந்து குடுத்துட்டு அடுப்படியில போய் அழுதுச்சு. அதுலேருந்து அம்மாதான். இங்க வந்துட்டுப் போன மறுநாள்லேருந்து திரும்பவும் நீங்கன்னு ஆரம்பிச்சிட்டா. ‘எங்க அம்மா மணல்ல கிணறு தோண்டுவாங்க, உங்களுக்குத் தெரியுமா?’ன்னு அவகிட்டயே கேக்கறா. அவ சிரிச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்றா. எனக்குத்தான் பாக்க முடியல.”

“கொஞ்ச நாளைக்கு விட்டுருங்க மாமா. உங்க கால்ல விழறேன்”னாங்க. குனிய விடல நான். கையைப் பிடிச்சுக்கிட்டேன். “எத்தனை நாளைக்கு மாப்பிள்ளை?”ன்னு கேட்டேன். அவுங்க தண்ணியைப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

சரின்னுட்டேன் அம்மா.

அவுங்க கெட்ட மனுசன் இல்ல. பஸ் ஏறுறப்ப “உடம்பைப் பாத்துக்குங்க”ன்னு சொல்லி, நான் நின்ன பக்கம் ஜன்னல்ல இடம் இருந்தும் அந்தப் பக்கமாப் போய் உக்காந்தாங்க.

நஜிமுதீனுக்கு என் மேல கோவம். “உங்க பேத்தி, உங்க உரிமை, எதுக்கு விட்டுக் குடுத்தீங்க?”ன்னு ஊசியைக் கீழ வச்சுட்டுக் கேட்டார். தாகம்னா யாரைக் கூப்பிடறதுன்னு ஒரு புள்ளைக்குத் தெரிஞ்சிருக்கணும். அதுல போய் நான் குழப்பம் பண்ணலாமா? அமிர்தத்தைப் பத்தி ஒண்ணு விடாம எனக்கு ஞாபகம் இருக்கு. அது என்னோட இருக்கட்டும். புள்ளை இப்ப தூக்க வேண்டாம்.

பெரிய லீவு விடப் போறீங்க. படியில நின்னு படிக்கிறதுக்குப் புள்ளைக்கு அட்டை எழுதுவீங்க. முக்கொம்புன்னு எழுதாதீங்க. அவ கேட்டாலும் எழுதாதீங்க. மண்ணச்சநல்லூர்னு எழுதுங்க. செண்பகத்தோட ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லி மாப்பிள்ளைகிட்ட நானே சொல்லியிருக்கேன். அங்க ஒரு பாட்டன் இருப்பாரு. அவரும் பேரப் புள்ளைக்கு ஆசைப்படுவாரு. படம் என்ன போடறதுன்னு யோசிச்சேன். அங்க அரிசி மில்லு நிறைய. புகைபோக்கி ஒண்ணு போட்டு, மேல கொஞ்சம் புகையும் போட்டுருங்க.

நீளமான பேருன்னு நஜிமுதீன் சொல்றார். எழுதிக் காட்டினார். எனக்கு நீளம் மட்டும்தான் தெரிஞ்சுது. ஒரே மூச்சுல புள்ளைக்கு வராது. ரெண்டா, மூணாப் பிரிச்சுச் சொல்லிக் குடுங்க. லீவுக்கு முன்னாடியே நாலு நாள் வீட்டுல வச்சுப் பழக்குங்க. செண்பகத்தையே பக்கத்துல உக்கார வச்சுப் படிக்கச் சொன்னா இன்னும் நல்லது, அது ஊர்ப் பேரு அதுக்குத் தடங்கல் இல்லாம வரும்.

வீட்டுல எல்லாருக்கும், செண்பகத்துக்கும் என் ஆசீர்வாதம். இதுக்குப் பதில் போட வேண்டாம்.

சொன்னது வீரமலை
எழுதியது நஜிமுதீன்